நால்வர் பிரிந்த கதை

கூட்டுக் குடும்பம் பிரிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சண்டை பாகப்பிரிவினை அன்று தொடங்குவதில்லை. யாரை மதித்தார்கள், யாரை மதிக்கவில்லை என்பதில் தொடங்கி, பல வருடம் உள்ளேயே புகைந்து, கடைசியில்தான் வக்கீல் வாசலுக்கு வருகிறது. உலகையே ஆட்டிவைத்த பீட்டில்ஸ் இசைக்குழு பிரிந்த கதையும் ஏறக்குறைய இதுதான்.

இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில், 1957-ஆம் ஆண்டு ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் சந்தித்தார்கள். அடுத்த ஆண்டு பாலின் பள்ளித் தோழர் ஜார்ஜ் ஹாரிசன் கிட்டாருடன் வந்து சேர்ந்தார். வயது 15. ஜானைவிட இரண்டு வயதுக்கு மேல் இளையவர். டிரம்ஸ் வாசிக்க ரிங்கோ ஸ்டார் 1962-இல் வந்தார்.

ஜானும் பாலும் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். யார் பாட்டு எழுதினாலும் இருவர் பெயரும் சேர்ந்தே வரும். உலகம் அந்த ஜோடியைக் கொண்டாடியது. ஜார்ஜுக்குப் பெரும்பாலும் ஓர் இசைத்தட்டில் ஒன்றிரண்டு பாட்டுக்குத்தான் இடம். மூத்தவர்கள் கண்ணுக்கு அவர் என்றும் சின்னப் பையன்தான்.

இந்தக் குறைகளெல்லாம் வெளியே தெரியாமல் கட்டிக் காத்தவர் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன். 1967 ஆகஸ்டில், 32 வயதிலேயே அவர் இறந்துபோனார். வீட்டுக்குப் பெரியவர் போனால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது.

1968 பிப்ரவரியில் நால்வரும் நம் ரிஷிகேசத்துக்கு வந்து மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் பயின்றார்கள். கங்கைக் கரையில் பாட்டுகள் ஊற்றெடுத்தன. மன அமைதி மட்டும் நிலைக்கவில்லை. அந்த ஆகஸ்டில், ஒலிப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே ரிங்கோ விலகினார். ‘நீங்கள் மூவரும் ஒன்றாக இருக்கிறீர்கள், நான்தான் வெளியாள்’ என்பது அவருடைய மனக்குறை. அதைச் சொல்ல ஜானிடம் போனால், ‘நீங்கள் மூவரும்தான் ஒன்று என்று நான் நினைத்தேன்’ என்கிறார் அவர். பாலிடம் போனால் அவருக்கும் அதே நினைப்பு! இரண்டு வாரம் கழித்து ரிங்கோ திரும்பியபோது அவருடைய டிரம்ஸ் முழுக்கப் பூ அலங்காரம் செய்து வைத்திருந்தார்கள்.

பாசம் இருந்தது. ஆனால் பாசம் மட்டும் போதவில்லை.

1969 ஜனவரியில், லண்டனில் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் கேமராக்களுக்கு முன்னால் ஒத்திகை நடந்தது. கிட்டாரை இப்படி வாசி, அப்படி வாசி என்று பால் சொல்லிக்கொண்டே இருக்க, ஜார்ஜ் பொறுமை இழந்தார். சொன்னபடி வாசிக்கிறேன்; வேண்டாமென்றால் வாசிக்கவே இல்லை என்றார். ஜனவரி 10 அன்று எழுந்து போய்விட்டார். சமாதானம் பேசித் திரும்பி வந்தபோது, பில்லி பிரெஸ்டன் என்ற கீபோர்டு கலைஞரையும் குழுவோடு வாசிக்க வைத்தார். விருந்தாளி வந்த வீட்டில் சண்டை அடங்குவதுபோல் எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டார்களாம். ஜனவரி 30 அன்று தங்கள் அலுவலக மொட்டை மாடியில் 42 நிமிடம் வாசித்தார்கள். அதுவே நால்வரும் மக்கள் காதுபட வாசித்த கடைசி முறை.

அந்த ஒத்திகையில் ஜார்ஜ் கொண்டுவந்த பாட்டுகளில் ஒன்று, எல்லாம் கடந்துபோகும் என்ற பொருள் கொண்ட ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’. அந்த நாட்களில் குழுவின் எந்த இசைத்தட்டிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

பிறகு பணம் குறுக்கே வந்தது. நிர்வாகத்தை ஆலன் கிளைன் என்பவரிடம் கொடுக்க மூவர் விரும்பினார்கள். பால் மட்டும் தம் மாமனாரைச் சொன்னார். மூவர் ஒரு பக்கம், ஒருவர் ஒரு பக்கம். 1970 ஏப்ரலில் பிரிவு வெளியே தெரிந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று, கூட்டைக் கலைக்கக் கோரி மற்ற மூவர் மீதும் பால் லண்டன் கோர்ட்டில் வழக்குப் போட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்த மூவருக்கும் கிளைனுக்கும் பின்னாளில் வழக்கே வந்தது!

பிரிந்த சில மாதங்களில் ஜார்ஜ் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அதன் பெயர் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. ஒதுக்கி வைத்த பாட்டு ஊரையே கூட்டியது.

1980 டிசம்பரில் ஜான் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு அவர் நினைவாக ஜார்ஜ் பாடிய பாட்டில் ரிங்கோ டிரம்ஸ் வாசித்தார். பால் பின்குரல் கொடுத்தார். 2001 நவம்பர் 29 அன்று ஜார்ஜும் புற்றுநோயால் மறைந்தார். சரியாக ஓராண்டு கழித்து லண்டன் ஆல்பர்ட் ஹாலில் நடந்த அஞ்சலிக் கச்சேரியில், ஜார்ஜுக்குப் பிரியமான யுகலேலி என்னும் சின்ன நரம்பு வாத்தியத்தை எடுத்துக்கொண்டு மேடையேறினார் பால். ஜார்ஜ் இயற்றிய ‘சம்திங்’ பாட்டைப் பாடினார். கிட்டாரை எப்படி வாசிப்பது என்று ஒரு காலத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த அதே பால்!

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்போம். ஆனால் தம்பி வளர்ந்துவிட்டதைக் கவனிக்க மறந்துவிடுகிறோம். நம் வீட்டிலோ, சங்கத்திலோ, தன் பாட்டை வைத்துக்கொண்டு வாய்ப்புக்காகக் காத்திருக்கும் ஓர் இளையவர் இருக்கக்கூடும். அதை அவர் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.