விரிசல் கண்ட முகப்புப் பலகை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. 1971இல் வெளிவந்த மூன்றாம் வரிசை வண்டியின் முகப்புப் பலகை நெகிழியால் ஆனது. முந்திய வரிசைகளின் உலோகப் பலகைக்கு விரிசல் தொல்லை இல்லை.

மலையில் குளிர் இருந்தாலும் வெயில் கடுமையே. வெயிலும் மூடிய வண்டிக்குள் தேங்கும் வெப்பமும் நெகிழியை இளக்கமாக வைத்திருக்கும் வேதிப்பொருளை மெல்ல வெளியேற்றுகின்றன. பலகை இறுகி, சுருங்கி, இறுதியில் வெடிக்கிறது.

பலகையையே மாற்றுவதென்றால் கருவிகளையும் மின்கம்பிகளையும் கழற்ற வேண்டும். ஆகவே, பழைய வண்டிகளுக்குப் பலகையின் வடிவிலேயே வார்த்த மெல்லிய மேலுறையை ஒட்டுவதுண்டு. மேலெழும்பிய விரிசல் விளிம்புகளை முதலில் சீவிச் சமப்படுத்த வேண்டும். இல்லையேல் உறை படியாது. பிறகு எண்ணெய்ப் பசையைத் துடைத்து, சிலிக்கோன் பசை தடவி, காயும்வரை அழுத்தி வைப்பர். உறை விரிசலை மறைக்குமே தவிர ஆற்றாது. அடியிலுள்ள நெகிழி தொடர்ந்து இறுகும். வண்டியை நிழலில் நிறுத்தினால் அது சற்று மெதுவாக நடக்கும்.