மாநகராட்சிப் பள்ளிகள் யார் கடன்?

மதுரை மாநகராட்சிப் பள்ளிகளின் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்ப்போமாயின் சங்கப் புலவர் அவையம் ஒன்று நம் கண்முன் கூடிவிடும். வெள்ளிவீதியார், மாசாத்தியார், காக்கைபாடினியார், பொன்முடியார் எனப் பெண்பாற் புலவர் பலர் இந்நகரில் பெண்கள் பள்ளிகளாக நிலைபெற்றுள்ளனர். இத்தகைய பெயர்ச்சிறப்பு வேறெந்த ஊர்க்கும் எளிதில் வாய்க்காதது என்பது எம் கருத்து.

இவருள் பொன்முடியார், ஒரு மகனை உருவாக்கும் கடனைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் எனப் பலர்க்கும் பகுத்துப் புறநானூற்றில் பாடியவர். அவர் பெயர் தாங்கிய பள்ளி யாருடைய கடன் என வினவினால், படித்தவர்களும் 'அரசாங்கத்துடையது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். அஃது அத்துணை எளிதன்று.

1866ஆம் ஆண்டில் மதுரை நகராட்சி தோன்றியது. நகராட்சிகள் கல்விக்கெனத் தனி வரி விதிக்க வழி வகுத்தது 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம். 1971இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. பள்ளிகள் அதன் உடைமையாகவே தொடர்ந்தன. சொத்து வரியோடு கல்வி வரியும் நம்மிடம் பெறப்படுவதை நம்மில் எத்தனை பேர் உற்று நோக்கியிருக்கிறோம்?

கட்டடமும் பராமரிப்பும் மாநகராட்சியைச் சார்ந்தவை. பாடத்திட்டமும் பொதுத்தேர்வும் கல்வித்துறையைச் சார்ந்தவை. ஒழுகும் கூரைக்கு ஓர் அலுவலகம், பாடநூலுக்கு மற்றோர் அலுவலகம் எனப் பெற்றோர் இரு வாயில்களில் நிற்க நேர்வது இதனாலேயே. நகரைச் சூழ்ந்த சிற்றூர்களில் நிலைமை வேறு. அங்குள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981இலேயே அரசு ஊழியராயினர்.

மாநகராட்சிப் பள்ளிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அதனை ஆளும் மன்றத்தை வாக்களித்து அமைப்பவர் அந்நகர மக்களே. மாமன்றத்தில் கல்விக்கெனத் தனிக் குழுவும் இயங்குகின்றது. ஆயினும் 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை தேர்தல் நடவாமையால் தனி அலுவலரே நகரை ஆண்டார். அவ்வாண்டுகளில் ஆறாம் வகுப்பிற் சேர்ந்த சிறுமி, தன் வட்டத்திற்கு உறுப்பினர் ஒருவர் இல்லாமலே பத்தாம் வகுப்பை எட்டியிருப்பாள். இவ்விழப்பைப் பற்றி நகரில் பெரிதாக எவரும் பேசக் கேட்டிலோம்.

2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றதும் நெல்பேட்டைப் பகுதியிலுள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியிலேதான். முதற்கட்டத்தில் தமிழகமெங்கும் 1,545 பள்ளிகள் பயன்பெற்றன. அன்று எல்லாரும் நோக்கிய அப்பள்ளியை, சமுதாயப் பெரியோர் இன்றும் சென்று காணலாம்.

செல்வதற்கு முறையான வாயிலும் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளியிலும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினருள் முக்கால் பங்கினர் பெற்றோர்; பாதியளவினர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வரைவதும், வரும் நிதி செலவாகும் முறையைக் கண்காணிப்பதும் அக்குழுவின் பணிகள். கூரை ஒழுகுவதை எழுத்தில் ஏற்றி மாநகராட்சிக்கு அனுப்பும் இடமும் அதுவே.