உங்களுக்குத் தெரியுமா? நாய்க்கும் உண்டு சீனக் கஷாயம்!

மலேசியாவின் அலோர் காஜா போன்ற ஊர்களின் சீன மருந்துக் கடைகளில் ஜின்செங் வேர் மனிதர்களுக்குத்தான் விற்கப்படுகிறது. ஆனால் சீனர்களின் கால்நடை வைத்தியமும் பழமையானது. மிங் அரச காலத்தில், 1608 வாக்கில், யூ சகோதரர்கள் குதிரை வைத்தியத்துக்கென்றே பெரிய நூல் எழுதினார்கள். படைக்கும் உழவுக்கும் உதவிய பிராணிகளுக்குத்தான் அன்று முதலிடம். நாய், பூனை பக்கம் இந்த வைத்தியம் பரவலாகத் திரும்பியது பிற்காலத்தில்தான்.

நாய்க்குப் பசி மந்தம், இளகிய மலம், சோர்வு மூன்றும் சேர்ந்தால் சீன வைத்தியர் மண்ணீரல் பலவீனம் என்பார். அவருடைய கணக்கில் செரிமானமும் தெம்பும் அங்கிருந்துதான். நாயின் நாக்கு நிறத்தைப் பார்ப்பார். நாடியைப் பின்னந்தொடையின் உட்புறத்தில் பிடிப்பார். மண்ணீரல் பலவீனத்துக்குரிய பெயர்பெற்ற கஷாயத்தில் நான்கே சரக்கு: ஜின்செங், பாய் சூ கிழங்கு, பைன் மர வேரில் வளரும் ஃபூ லிங் என்ற பூஞ்சை, நம் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும் அதிமதுரம். செல்லப் பிராணிகளிடம் இதற்கான உறுதியான ஆய்வுச் சான்று இன்னும் குறைவுதான்.

மூலிகைதானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. அதிமதுரம் நாள்பட்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றும். மா ஹுவாங் என்ற மூலிகை நாயின் இதயத் துடிப்பை ஆபத்தான அளவுக்கு விரட்டும். மாட்டின் வயிற்று உப்புசத்துக்கு நம்மவர்கள் அரைத்துக் கொடுக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் இரத்தச் சோகையை உண்டாக்கும். எதைக் கொடுப்பதானாலும் முதலில் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.