லோரியிலும் ஸ்டோர் அறையிலும் பாழாகும் பேஸ் பெட்டிகள்: காப்பாற்றுவது எப்படி?

தைப்பூசம் முடிந்தால் பங்குனி உத்திரம், அதன் பிறகு சித்ரா பௌர்ணமி, ஆடித் திருவிழா, தீபாவளி விருந்து, இடையில் கல்யாணங்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாக்கள். மலேசியாவில் நம்மவர்கள் கூடும் இடங்களுக்கெல்லாம் ஆண்டு முழுவதும் பேஸ் பெட்டிகள் லோரியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. பல தோட்ட ஆலயங்கள் பக்தர்களிடம் நன்கொடை திரட்டிச் சொந்தமாகப் பெட்டி வாங்கியிருக்கின்றன. தாமான் இளைஞர்கள் சிலருக்கு நான்கு பெட்டியும் ஒரு வேனும்தான் வார இறுதி வருமானம்.

இப்படி வாங்கிய பெட்டிகள் சில ஆண்டுகளிலேயே மூலை உடைந்து, பலகை உப்பி, பாட்டுக்கு நடுவே 'கரகர' என்று இரையத் தொடங்கிவிடுகின்றன. உடனே, "சத்தத்தைக் கூட்டி வைத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று ஒலி இயக்கியவர் மீது பழி விழும். அளவுக்கு மீறிய சத்தம் ஸ்பீக்கரை எரித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால், பெட்டி பாடும் நேரத்தைவிட லோரியிலும் ஸ்டோர் அறையிலும் கிடக்கும் நேரமே அதிகம். தேய்மானத்தில் பெரும் பங்கு அங்குதான் நடக்கிறது. அதைத் தடுக்கப் பெரிய செலவும் தேவையில்லை.

குழாய் ஒலிபெருக்கி காலத்துப் பழக்கம்

ஒரு காலத்தில் தோட்டத் திருவிழா என்றால் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிதான். அது உலோகத்தால் ஆனது. மழையில் நனைந்தாலும், லோரியில் உருண்டாலும், கொஞ்சம் நசுங்குமே தவிர வேலை செய்யும். அதைத் தூக்கிப் போட்டுப் பழகிய அதே முறையில் பேஸ் பெட்டியையும் கையாளுவதால்தான் சிக்கல் வருகிறது.

பேஸ் பெட்டி மரத்தால் ஆனது. உள்ளே இருக்கும் ஸ்பீக்கரின் கோன் பெரும்பாலும் காகிதக் கூழில் செய்யப்பட்டது. மரமும் காகிதமும் ஈரத்தை உறிஞ்சும். நல்ல பெட்டிகள் 15 அல்லது 18 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட் பலகையில் செய்யப்படுகின்றன. விலை குறைந்த பல பெட்டிகள் எம்.டி.எஃப். எனப்படும் மரத்தூள் பலகையில் வருகின்றன. எம்.டி.எஃப். பலகையின் வெட்டு முனையில் தண்ணீர் பட்டால் ரொட்டி போல் உப்பிவிடும். காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 முதல் 90 விழுக்காடு வரை இருப்பதால், பெயிண்ட் உரிந்த ஒரு சின்ன மூலையே ஈரம் உள்ளே நுழைய வழியாகிவிடுகிறது.

கீழே விழுந்தால் உள்ளே என்ன நடக்கும்?

18 அங்குல ஸ்பீக்கர் ஒன்று உள்ள பேஸ் பெட்டி, ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 35 முதல் 60 கிலோ வரை இருக்கும். அதில் கணிசமான எடை ஸ்பீக்கரின் பின்னால் உள்ள காந்தத்தில் இருக்கிறது. லோரியின் விளிம்பிலிருந்து பெட்டி 'தொம்' என்று தரையில் இறங்கும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் காந்தத்துக்குப் போகிறது.

காந்தத்தின் நடுவே உள்ள குறுகிய இடைவெளியில்தான் 'வாய்ஸ் காயில்' எனப்படும் கம்பிச் சுருள் மேலும் கீழும் அசைகிறது. பக்கவாட்டில் அதற்கு இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பல ஸ்பீக்கர்களில் காந்தம் பசையால்தான் ஒட்டப்பட்டிருக்கும். மோதலில் காந்தம் துளி நகர்ந்தாலும் கம்பிச் சுருள் அதில் உரசத் தொடங்கும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. அடுத்த நிகழ்ச்சியில் 'கரகர' என்ற சத்தம் வரும்போதுதான் விஷயம் வெளியாகும். யார் போட்டார்கள், எந்த ஊரில் போட்டார்கள் என்பது அதற்குள் மறந்துபோயிருக்கும்.

ஆகவே, பெட்டியை இறக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். சாய்வுப் பலகை ஒன்று லோரியிலேயே இருப்பது இன்னும் நல்லது. இது பெட்டிக்காக மட்டுமல்ல, தூக்குகிறவரின் இடுப்புக்காகவும்தான்.

மூலை, உறை, சக்கரம்

முதலில் அடிபடுவது மூலைகள். இரும்பு அல்லது கெட்டி பிளாஸ்டிக் மூலைக் காப்புகள் இசைக்கருவிப் பாகங்கள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. எட்டு மூலைக்கும் பொருத்தினால், பெட்டியைச் சாய்த்து நகர்த்தும்போது பலகை தரையில் உரசாது. மூலை ஏற்கெனவே உடைந்திருந்தால் மரப்பசையும் மரப்புட்டியும் வைத்துச் சரிசெய்து, காய்ந்ததும் பெயிண்ட் அடித்த பிறகே காப்பைப் பொருத்த வேண்டும். ஈரமான மரத்தை மூடிவிட்டால் உள்ளேயே மக்கும்.

கம்பளம் ஒட்டிய பெட்டிகள் கீறலை மறைக்கும், ஆனால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்மண் சாலைத் தூசியும் அதில் படிந்துவிடும். தோட்டத்து நிகழ்ச்சிகளுக்கு அடிக்கடி போகும் பெட்டிக்குச் சொரசொரப்பான கெட்டிப் பெயிண்ட் பூச்சே ஏற்றது. ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

பயணத்துக்கு உறை அவசியம். உள்ளே சுமார் 10 மில்லிமீட்டர் பஞ்சு வைத்துத் தைத்த நைலான் உறை போதும். துணியின் கனத்தை 'டெனியர்' என்ற எண்ணால் குறிப்பிடுவார்கள். 600 டெனியர் சாதாரண வேலைக்குத் தாங்கும். வாரந்தோறும் லோரி ஏறும் பெட்டிக்கு 1680 டெனியர் துணி நீடித்து உழைக்கும். கைப்பிடி இருக்கும் இடத்தில் திறப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உறையைப் பிடித்தே தூக்குவார்கள், தையல் விட்டுப்போகும். தையல்காரர் கிடைக்காத இடத்தில் பழைய மெத்தை விரிப்பும் கனமான போர்வையும்கூடப் பெட்டிகளுக்கு நடுவே வைக்கப் பயன்படும்.

லோரியில் ஏற்றும் முறை

கனமான பேஸ் பெட்டிகள் முதலில் ஏற வேண்டும். ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி, தரையோடு தரையாக நிற்க வேண்டும். இலேசான பெட்டிகள், ஸ்டாண்டுகள், வயர்ப் பெட்டிகள் பிறகு வரலாம். பேஸ் பெட்டி மேலே, மிக்சர் கீழே என்று ஏற்றினால் முதல் பள்ளத்திலேயே விளைவு தெரியும்.

இரும்பு வலை உள்ள முன்பக்கம் இன்னொரு பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்திருக்கட்டும். நடுவே ஒரு போர்வை போடலாம். வலைக்கு எதிரே ஸ்டாண்டின் கால் இருந்தால், வலை உள்ளே வளைந்து கோனைத் தொடும் ஆபத்து உண்டு.

சக்கரம் இருக்கிறதே என்று பெட்டியைச் சக்கரத்தின் மேல் விட்டுவிடக் கூடாது. 'பிரேக்' உள்ள சக்கரமானாலும் வளைவில் நகரும். இறுக்கும் பெல்ட் போட்டு லோரியின் கம்பியோடு கட்ட வேண்டும். பெல்ட் மூலையின் மேல் செல்லும் இடத்தில் மடித்த துணி அல்லது ரப்பர்த் துண்டு வைத்தால் பலகை நசுங்காது. 50 கிலோ பெட்டி ஒன்று பின்னால் உட்கார்ந்திருக்கும் பையன் மீது சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால், பெல்ட் போட ஆகும் ஐந்து நிமிடம் பெரிதாகத் தெரியாது.

திருவிழா இடத்தில்

ஆலய வளாகத்துக்கென்று தனி ஆபத்துகள் உண்டு. அபிஷேகத் தண்ணீர், மஞ்சள் நீர், தீமிதிக் குழியிலிருந்து பறக்கும் சாம்பல், சிதறு தேங்காய். தேங்காய் உடைக்கும் இடத்துக்கு அருகில் பெட்டி இருந்தால் சில்லு பட்டு வலை நசுங்கலாம். இனிப்பான இளநீர் தெறித்தால் எறும்பு வரும். பெட்டியை நேராகத் தரையில் வைக்காமல், ஓர் உயரமான பலகையின் மேல் வைப்பது நல்லது.

மாலை மழை திடீரென்று கொட்டினால் தார்ப்பாய் போட்டு மூடுவது சரிதான். ஆனால், பெட்டி ஒலித்துக்கொண்டிருக்கும்போது சுற்றிலும் இறுக்கி மூடக் கூடாது. உள்ளேயே ஆம்ப்ளிபையர் உள்ள பெட்டிகளில் சூடு வெளியேற வழி வேண்டும். முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூட வேண்டும். குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே கொண்டுவந்த பெட்டியின் உலோகப் பாகங்களில் நீர் முத்து முத்தாகப் படியும். அது மறையும் வரை காத்திருந்து பிறகே 'சுவிட்ச்' போட வேண்டும்.

ஸ்டோர் அறையில் செய்யும் பெரிய தவறு

நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் வந்து, பனியிலும் மழையிலும் நனைந்த உறையோடு பெட்டியை உள்ளே தள்ளி, மேலே பிளாஸ்டிக் தாளையும் போட்டு மூடிவிட்டுப் போவது பல இடங்களில் வழக்கம். தூசி படாமல் காப்பதாக நினைத்துச் செய்வதுதான் இது. ஆனால், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேற முடியாமல் பூஞ்சணம் பிடிக்கும், திருகாணி துருப்பிடிக்கும், பலகை உப்பும். உறை பயணத்துக்குத்தான். வீடு வந்ததும் அதைக் கழற்றி, பெட்டியைத் துடைத்து, உறையைத் தனியே காயப் போட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, தூசிக்கு ஒரு பருத்தித் துணி போர்த்தினால் போதும்.

பெட்டி சிமெண்டுத் தரையைத் தொடக் கூடாது. லோரிகளில் வரும் மரப் பேலட் மேல், சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைத்தால் காற்று சுற்றிவரும். கரையான் ஏறினாலும் கண்ணில் படும். பெட்டியின் காற்றுத் துளையில் எலியும் பல்லியும் நுழையாமல் மெல்லிய கம்பி வலை வைத்து மூடலாம். நிகழ்ச்சிக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும்.

மாதக்கணக்கில் வைப்பதானால் பெட்டி நிமிர்ந்து நிற்கட்டும். கோன் வானத்தைப் பார்க்கும்படி படுக்கப் போட்டால், கனமான கோன் தன் எடையாலேயே நாளடைவில் கீழிறங்கக்கூடும். சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களைப் பெட்டியின் மேல் வைக்கவே கூடாது. அதில் சேரும் உப்புநீர் கொட்டினால் இரும்பை அரித்துவிடும்.

தாழ்வான பகுதிகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் புகுந்த வெள்ளத்துக்குப் பேலட் உயரமெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. அத்தகைய இடங்களில், மழைக்காலத்தில் பெட்டிகளை மாடிக்கோ மேட்டுப் பகுதிக்கோ கொண்டுபோக முன்கூட்டியே ஓர் இடம் பேசி வைப்பதுதான் வழி. நனைந்துவிட்டால் மின்சாரம் கொடுத்துப் பார்க்காமல், ஸ்பீக்கரைக் கழற்றி நிழலில் காய வைத்து, பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு சோதனை

வயரைக் கழற்றிவிட்டு, முன்வலையை எடுத்து, இரு கை விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து மெதுவாக, சமமாக அழுத்திப் பார்க்கலாம். உரசும் சத்தம் கேட்டால் கம்பிச் சுருள் தட்டுகிறது என்று பொருள். கைப்பிடி, வலை, ஸ்பீக்கர் ஆகியவற்றின் திருகாணிகள் லோரி அதிர்வில் தளர்ந்திருக்கும். எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். மிகையாக முடுக்கினால் மரத்தின் பிடி போய்விடும். கைப்பிடி தளர்ந்து காற்று கசிந்தால் பேஸ் குறையும், 'புஸ்' என்ற ஒலியும் வரும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று எண்ணி மாற்றுவதற்கு முன் இதைப் பார்த்துவிடலாம்.

யார் பொறுப்பு?

இவ்வளவும் தெரிந்திருந்தும் பொதுப் பெட்டிகள் கெடுவதற்கு ஒரு காரணம் உண்டு. எல்லாருக்கும் சொந்தமான பொருளுக்கு யாரும் பொறுப்பாவதில்லை. இன்று இளைஞர் அணி எடுத்துப் போகும், நாளை பக்கத்துத் தோட்டத்துக்கு இரவல் போகும், திரும்பி வரும்போது மூலை இருக்காது.

இதற்கு ஒரு பயிற்சிப் புத்தகம் போதும். பெட்டிக்கு எண் எழுதி, யார் எடுத்தார், என்றைக்கு எடுத்தார், எந்த நிலையில் திருப்பித் தந்தார் என்று குறித்துக் கையெழுத்து வாங்கலாம். எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்தால் வாக்குவாதத்துக்கு இடமிருக்காது. நிர்வாகத்தில் ஒருவர் பெயருக்கு ஸ்டோர் சாவி இருக்க வேண்டும். உறை காய்ந்ததா என்று பார்ப்பதும் அவர் வேலை.

பால்வெட்டிய காசிலும், செம்பனைக் குலை சுமந்த கூலியிலும் பத்தும் இருபதுமாகக் கொடுத்து வாங்கிய பெட்டிகள் பல ஆலயங்களில் உள்ளன. அடுத்த ஆண்டு மறுபடியும் நன்கொடைப் புத்தகத்தோடு அதே வீட்டுக் கதவைத் தட்டுவதைவிட, ஒரு பேலட்டும் ஒரு பருத்தித் துணியும் மலிவு.