சிமுலேட்டரில் ஓடிய போர்க்கப்பல்

2017 ஜூன் 26. 280 மீட்டர் நீளமும் 65,000 டன் எடையும் கொண்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் குயின் எலிசபெத், ஸ்காட்லாந்தின் ரொசைத் கப்பல்தளத்தை விட்டு முதன்முறையாகப் புறப்பட்டது. தளத்தின் வாயிலில் இரு பக்கமும் மிஞ்சியது சுமார் 35 சென்டிமீட்டர். அடியில் ஏறக்குறைய அரை மீட்டர். எனவே தளத்தை விட்டு வர உயர் ஓதம் தேவை. வெளியே வந்தாலோ ஃபோர்த் பாலங்கள். அவற்றுக்கு அடியில் நுழையத் தாழ் ஓதம் தேவை. கப்பல் நங்கூரமிட்டுக் காத்திருந்தது. பிறகு உச்சிக் கம்பத்தை மடக்கிக்கொண்டு, தலைக்கு மேல் 2 மீட்டர் அளவே இடைவெளி விட்டுப் பாலங்களைக் கடந்தது.

இப்படியொரு கப்பலை வைத்துக் கடலில் பழக முடியாது. பழகும் இடம் சிமுலேட்டர். கப்பலைச் செலுத்தும் மேடையைப் போலவே ஓர் அறை, சுற்றிலும் திரைகள். சுக்கானைத் திருப்பியதும் காற்று, நீரோட்டம், டக் எனப்படும் இழுவைப் படகுகளின் இழுப்பு எல்லாவற்றையும் கூட்டிக் கப்பல் எங்கே நகரும் என்று கணினி நொடிக்குப் பல முறை கணக்கிடுகிறது.

கடினமான கணக்கு அடியில் இருக்கிறது. கப்பலுக்கும் கடலடித் தரைக்கும் நடுவே நெருக்கப்படும் நீர் வேகமெடுக்கும். அங்கே அழுத்தம் குறையும். கப்பல் கீழே அமிழும். வேகத்தைப் பாதியாக்கினால் இந்த அமிழ்வு ஏறத்தாழ கால் பங்காகிவிடும். ஒரு பக்கக் கரையை ஒட்டிப் போனால் பின்பகுதி அந்தக் கரையை நோக்கி இழுபடும். இந்தக் கணக்குகள் பிசகினால் திரைக்காட்சி எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை என்பதே என் எண்ணம். அதனால்தான் தொட்டிகளில் சிறு மாதிரிக் கப்பல்களை ஓட்டி அளந்த எண்களும், கடலடியை அளந்த வரைபடமும் முதலில் கணினிக்குள் போகின்றன.

கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஓர் அறையில் நிற்க, டக் ஓட்டுநர்கள் அடுத்த அறைகளிலிருந்து இழுப்பார்கள். திடீரென்று பயிற்சியாளர் ஓர் இழுகயிற்றை 'அறுத்துவிடுவார்'. தட்டையான உயர்ந்த பக்கச்சுவரில் காற்று மோத, கப்பல் நழுவத் தொடங்கும். எந்தக் காற்று வரை உள்ளே வரலாம் என்ற வரம்பு இத்தகைய ஒத்திகைகளில்தான் பிறக்கிறது.

கப்பல் போய்ச் சேர வேண்டிய போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தின் குறுகலான வாயிலில் பயணிகள் படகுகளும் ஓயாமல் போய்வருகின்றன. கப்பல் நிறுத்தும் எந்த இடம் எப்போது காலியாகும், யார் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்று பார்க்க வேறு வகை மென்பொருள் உண்டு. அது மாதக்கணக்கான போக்குவரத்தைச் சில நிமிடங்களில் ஓட்டிக் காட்டும்.

துறைமுகத்துக்குள் நுழையும் கால்வாயை ஆழமாகத் தூர்வாரிய பின், 2017 ஆகஸ்ட் 16 அன்று குயின் எலிசபெத் போர்ட்ஸ்மவுத்தில் துறை சேர்ந்தது. உண்மையான பயணத்தில் பதிவாகும் பாதை, வேகம், சுக்கான் கோணம் ஆகியவற்றைச் சிமுலேட்டரின் கணிப்போடு ஒப்பிட்டு, விலகிய இடங்களில் கணக்கைத் திருத்தலாம்.