தொலைவைக் காணும் கண்

பஸராவில் ஒரு மாலை. பிறை பார்க்க மக்கள் கூடியிருந்தனர். அவர்களுள் நூறு வயதை நெருங்கிய நபித்தோழர் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களும் இருந்தார்கள். “இதோ பிறை” என்று அவர்கள் சுட்டிய திசையில் வேறு எவருக்கும் எதுவும் தெரியவில்லை. நுண்ணறிவுக்குப் பெயர்பெற்ற இயாஸ் இப்னு முஆவியா அவர்களை உற்றுநோக்கினார். புருவத்திலிருந்து வளைந்து கண்ணருகே தொங்கிய ஒரு வெள்ளை முடியைத் துடைத்து ஒதுக்கினார். பிறகு பார்த்தபோது பிறை காணப்படவில்லை. வரலாற்று நூல்கள் கூறும் இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை உணர்த்துகிறது. பார்ப்பது வேறு, பார்த்தது இன்னதென்று அறிவது வேறு. கண்ணுக்கு முன் தொங்கிய முடிக்கு இது எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவு கணினித் தொலைநோக்கிக்கும் பொருந்தும்.

தரையும் அடிவானமும்

1960 ஏப்ரல் 1ஆம் நாள் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊர் திருத்தணி. அதன் குன்றின் உச்சி முருகன் கோயிலுக்குரியது. தொலைநோக்கி வைக்க நமக்கு ஊருக்கு வெளியே உயர்ந்ததொரு திறந்தவெளி போதும். அங்கிருந்து வடகிழக்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருக்கிறது. ஆற்றல்மிக்க தொலைநோக்கி இருந்தால் ஏவுமேடையைக் கண்டுவிடலாமா?

இயலாது. இடையே மலையே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் பூமியின் வளைவு மறைக்கும். 100 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் சுமார் 36 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய 54 கிலோமீட்டரின் வளைவைக் கடக்க, ராக்கெட் 200 மீட்டருக்கு மேல் எழுந்தாக வேண்டும். வில்லையைப் பெரிதாக்கினாலும் இக்கணக்கு மாறாது.

இவ்வளைவையே அளவுகோலாக்கியவர் அல்பீரூனி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபிலுள்ள நந்தனா கோட்டைக்கருகே ஒரு மலையின் உயரத்தை அளந்தார். பின்னர் உச்சியில் நின்று, அடிவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று கண்டார். அவ்விரண்டையும் கொண்டு பூமியின் ஆரத்தைக் கணித்தார். அவரிடம் தொலைநோக்கி இல்லை. அது தோன்ற இன்னும் ஆறு நூற்றாண்டுகள் இருந்தன.

தொலைநோக்கி பொருத்திய கோணமானியால் தமிழ் நிலத்தை அளக்கும் பணியை 1802ஆம் ஆண்டு ஏப்ரலில், பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கியவர் வில்லியம் லாம்டன். மலை இல்லாத சமவெளியில் அவருக்குக் கோயில் கோபுரங்களே குன்றுகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள அப்பெரிய தியோடலைட் மோதிச் சிதைந்தது. அவரே வாரக்கணக்கில் அமர்ந்து அதைச் செப்பனிட்டார். பிற்காலத்தில் அந்த அளவைத் துறையின் கருவிகளைப் பேணியவர்களுள் ஆற்காட்டைச் சேர்ந்த சையித் மீர் முஹ்ஸின் ஹுசைன் குறிப்பிடத்தக்கவர். சென்னையில் நகைக்கடையொன்றில் வேலை செய்துவந்த அவர், ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் தம் கைத்திறனால் உயர்ந்து, 1840களில் துறையின் கருவியமைப்பாளரானார். திருத்தணிக்கு அண்மையிலுள்ள ஆற்காடு ஈன்ற இவரை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

கணினி கேட்கும் கேள்வி

இன்றைய கணினித் தொலைநோக்கியை இயக்கியதும் அது முதலில் கேட்பது: நீ எங்கிருக்கிறாய்? இப்போது மணி என்ன? நம் முன்னோரின் அஸ்துர்லாபும் இதையே கேட்டது. அதனால்தான் ஒவ்வோர் அட்சரேகைக்கும் தனித் தகடு வைத்திருந்தனர். திருத்தணிக்குரியது ஏறத்தாழ 13 பாகை வடக்கு. அடுத்து, இரண்டு ஒளிமிக்க விண்மீன்களைக் காட்டித் திசையை உறுதிசெய்யச் சொல்லும். திரையில் வரும் அல்தபரான், ரிகெல், அல்தாயிர் ஆகிய பெயர்களைக் காணும் அரபி மாணவன் முகம் மலராமல் இருக்க முடியாது.

இதன்பின் கருவி, விண்மீன்கள் நகரும் வேகத்தில் தானே நகரும். தரைப்பொருளைப் பார்க்க இதுவே இடையூறு: கோபுரத்தை நோக்கி வைத்தால் சில நிமிடங்களில் அது பார்வையை விட்டு விலகிவிடும். ஆகவே அந்நகர்வை நிறுத்த வேண்டும். பல தொலைநோக்கிகள் உருவைத் தலைகீழாகவோ இடவலம் மாற்றியோ காட்டும். அதைச் சரிசெய்ய ஒரு பட்டகம் தேவை. நண்பகலில் சூடேறிய தரைக்காற்று உருவை அலைக்கழிக்கும், அதிகாலையே ஏற்றது.

செயற்கைக்கோளோ வேறு விதம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் பன்னாட்டு விண்வெளி நிலையம் நொடிக்கு 7.6 கிலோமீட்டர் விரைகிறது. தலைக்கு மேல் வரும்போது ஒரு நொடியில் ஒரு பாகைக்கு மேல், அதாவது நிலவின் அகலத்தைப் போல் இரு மடங்கு கடக்கிறது. நம் கடிகாரம் ஒரு நொடி பிழைத்தாலும் அது பார்வைக்கு வெளியே போய்விடும். பாதைக் குறிப்புகள் பழையனவாயினும் அவ்வாறே. உயரத்திலுள்ள மெல்லிய காற்றின் உராய்வு அப்பாதையை நாள்தோறும் மாற்றுகிறது. ஆகவே அது வரும் வழியில் முன்னரே கருவியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அந்தி மறைந்த ஓரிரு மணி நேரமும், விடியலுக்கு முந்தியதும் உகந்தவை.

மாறாக, 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள தொலைத்தொடர்புக் கோள்கள் நமக்கு அசையாதிருக்கின்றன. கருவியின் நகர்வை நிறுத்தினால் விண்மீன்கள் நழுவ, மங்கிய அப்புள்ளி மட்டும் நிற்கும். எது நகர்கிறது, எது நிற்கிறது என்பதே அங்கு அடையாளம்.

சாட்சியின் பொறுப்பு

தொலைநோக்கியால் கண்ட பிறை போதுமா என்ற ஃபிக்ஹு ஆய்வு இங்கு நம் பொருளன்று. எக்கருத்தை ஏற்பவருக்கும் ஒன்று பொது: பிறை எத்திசையில், எவ்வளவு உயரத்தில், கொம்புகள் எப்பக்கம் நோக்க நின்றது என்று சாட்சியிடம் வினவ, வினவுபவருக்கே வானம் தெரிந்திருக்க வேண்டும். ‘தஷ்ரீஹுல் அஃப்லாக்’ ஓதிய தலைமுறைகள் நம் மதரஸாக்களில் இருந்தன. ஓதியதை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் சிலரே. நாமும் நெடுங்காலம் அப்படியே இருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். பிறை சூரியனுக்கு மிக அருகில் இருக்கும். சூரியன் முழுதும் மறையுமுன் கருவியைத் தானாக நகர விட்டால், வழியில் சூரியன் வில்லைக்குள் விழலாம். ஒரு கணம் போதும், பார்வை பறிபோகும். இமை மூடவும் நேரமிராது. பிறை தேடும் ஆர்வத்தில் ஒரு மாணவன் கண்ணை இழப்பதை எந்த ஆசிரியரும் தாங்க மாட்டார்.

கருவி தொலைவைக் குறைக்கிறது. ஐயத்தைக் குறைப்பது அறிவு. இயாஸ் அவர்கள் நீக்கியது ஒரு முடியைத்தான். ஆனால் அந்த முடி எங்கிருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.