திரைக்குத்தான் முதல் காசு

துபாயில் ஷார்ஜா எல்லையை ஒட்டி இருக்கிறது முஹைஸ்னா 2. சோனாப்பூர் என்றால்தான் நம் ஆட்களுக்குப் புரியும். லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தங்கியிருக்கும் கேம்ப்கள் அங்கே உண்டு. விடுமுறை நாளில் துணி துவைத்து, ஊருக்குப் பேசி முடித்த கையோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அப்ரா படகில் க்ரீக்கைக் கடந்து அல் ஃபஹீதி சந்துகளில் வெளிச்சம் தேடும் கூட்டம் அது. 2011இல் துபாயில் தொடங்கிய ஹம்தான் பின் முஹம்மது சர்வதேசப் புகைப்பட விருதுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஸ்டூடியோ முதலாளியும் கேம்ப் எலக்ட்ரீசியனும் ஒரே வாசல் வழியாகத்தான் படம் அனுப்ப வேண்டும்.

கேமரா வாங்கியான பிறகு வரும் அடுத்த செலவு லேப்டாப். பர் துபாயில் காலித் பின் அல் வலீத் சாலைக் கடைகளில் ஏறினால் முதலில் காதில் விழுவது ப்ராசஸர்தான். "ஐ7 இருக்கு பாய், சூப்பர் ஸ்பீடு." கணக்கு எழுதவும் சினிமா பார்க்கவும் அந்தப் பேச்சு சரி. படம் திருத்துகிறவருக்கு ப்ராசஸர் மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி திரை.

ஏன் திரை? மெதுவான ப்ராசஸர் நம்மைக் காக்க வைக்கும், அவ்வளவுதான். மோசமான திரை பொய் சொல்லும். நாம் அதை நம்பி வேலை செய்வோம்.

கம்ப்யூட்டர் உலகில் நிறங்களுக்குப் பொது அளவுகோலாக இருப்பது எஸ்ஆர்ஜிபி. ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996இல் சேர்ந்து வகுத்தது. இணையத்தில் ஏறும் படங்கள், பெரும்பாலான பிரிண்ட் லேப்கள் எல்லாம் இதை வைத்தே ஓடுகின்றன. மலிவு லேப்டாப்களின் விவரத்தாளில் "45% என்டிஎஸ்சி" என்று ஒரு வரி இருக்கும். என்டிஎஸ்சி என்பது பழைய தொலைக்காட்சி அளவுகோல். அந்த 45 சதவீதம் என்றால், எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தத் திரையால் காட்ட முடியும். மீதியில் அடிபடுவது அழுத்தமான சிவப்பும் பச்சையும்.

இதனால் நடப்பது என்ன? அறை நண்பரின் கல்யாணப் படத்தைத் திறக்கிறீர்கள். அரக்குப் பட்டு வெளிறித் தெரிகிறது. நிற அழுத்தத்தைக் கூட்டுகிறீர்கள், இன்னும் கொஞ்சம் கூட்டுகிறீர்கள், திரையில் இப்போது சரியாக இருக்கிறது. அதை வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்பினால், அங்கே நல்ல போனில் பார்க்கிறவருக்குப் புடவை தீப்பிடித்தது போலவும் மாப்பிள்ளை முகம் செங்காமட்டி பூசியது போலவும் தெரியும். குறை கண்ணிலும் இல்லை, கேமராவிலும் இல்லை.

அதனால் கடையில் கேட்க வேண்டியது இதுதான்: எஸ்ஆர்ஜிபி எத்தனை சதவீதம்? நூறு, அல்லது நூறை ஒட்டி இருக்க வேண்டும். "72% என்டிஎஸ்சி" என்று போட்டிருந்தால் அதுவும் ஏறக்குறைய அதே தரம். பேனல் ஐபிஎஸ் ஆக இருக்கட்டும். பழைய டிஎன் பேனலைக் கீழிருந்தும் மேலிருந்தும் பார்த்தால் நிறம் மாறிக்கொண்டே போகும். இரண்டடுக்குக் கட்டிலில் சாய்ந்து, மடியில் வைத்து வேலை செய்கிறவருக்கு அது ஆகவே ஆகாது. வெளிச்ச அளவு 300 நிட்ஸாவது வேண்டும்.

இன்னொரு நுணுக்கம், ஒவ்வொரு நிறத்திலும் திரை காட்டும் படிகள். 8 பிட் பேனல் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 256 படிகளைக் காட்டும். பெருக்கினால் சுமார் 1.67 கோடி நிறங்கள். 6 பிட் பேனலில் 64 படிகள்தான், மொத்தம் 2,62,144. இடைப்பட்டதை அது கண்ணை ஏமாற்றிச் சமாளிக்கும். பாலைவனத்து மாலை வானத்தை எடுத்துப் பாருங்கள். ஆரஞ்சு மெல்ல மெல்ல நீலமாக மாறும் அந்த இடத்தில் பட்டை பட்டையாகக் கோடு தெரிந்தால் படத்தைக் குறை சொல்வதற்கு முன் பேனலைச் சந்தேகியுங்கள்.

ஓஎல்இடி திரைகளும் இப்போது வந்துவிட்டன. கறுப்பு அப்படியொரு கறுப்பு. ஆனால் எஸ்ஆர்ஜிபியைத் தாண்டிய நிறங்களையும் காட்டுவதால் எல்லாப் படமும் அழகாகத் தெரிந்து தொலைக்கும். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி அதில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

இரண்டாவது கேள்வி ராம். இதற்கு எளிய கணக்கு உண்டு. 24 மெகாபிக்சல் படத்தில் 2.4 கோடிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறம், 16 பிட்டில் நிறத்துக்கு 2 பைட். ஆக, விரித்து வைத்த ஒரே ஒரு அடுக்குக்கு 144 எம்பி. அடுக்கு பத்தானால், அதோடு செய்ததைத் திரும்பப் பெறும் வரலாறும் சேர்ந்தால், 8 ஜிபி திணறும். 16 ஜிபி வாங்குங்கள். மெலிந்த லேப்டாப்கள் பலவற்றில் ராமைப் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள். பிறகு கூட்ட முடியாது. மேக்புக் ஏரும் அந்த ரகம்தான். ஆனால் அதன் திரை நம்பகமானது. 2020இல் வந்த எம்1 மாடலே படம் திருத்த இன்றும் போதும், 16 ஜிபியாகக் கிடைத்தால்.

ஃபோட்டோஷாப்பை எழுதத் தொடங்கிய தாமஸ் நோல் 1987இல் வைத்திருந்த மேக் பிளஸ் கறுப்பு வெள்ளையை மட்டுமே காட்டும். அதில் இருந்த ராம் 1 எம்பி. சாம்பல் நிறத்தைக் காட்ட வைக்கத்தான் அவர் முதல் நிரலை எழுதினார். 1990இல் அடோபி வெளியிட்ட அந்த மென்பொருள் திறக்கும்போது ஓடும் பெயர்களில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரை நம்மூர் ஸ்டூடியோக்காரர்கள் ஆண்டுக்கணக்காகப் பார்த்து வந்திருக்கிறார்கள். அதற்கு மாதச் சந்தா கட்ட இயலாதவர்கள் கள்ளப் பிரதியைத் தேடி அலைய வேண்டாம். டார்க்டேபிள், ஜிம்ப் இரண்டும் இலவசம், திறமும் குறைவில்லை.

கிராஃபிக்ஸ் கார்டு பற்றி ஒரு வரி போதும்: செயற்கை நுண்ணறிவால் படத்தின் புள்ளி இரைச்சலை நீக்குகிறவருக்கு அது நேரம் மிச்சம் பிடிக்கும், மற்றவர்களுக்குக் கட்டாயமில்லை. சேமிப்பு எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும் என்று இன்று சொல்லத் தேவையில்லை.

கேம்ப்காரர்கள் பலர் போவது செகண்ட் ஹேண்ட் கடைக்குத்தான். அலுவலகங்கள் கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் அங்கே கிடைக்கும். உடம்பு கெட்டி, ராம் மாற்றலாம், விலையும் தாங்கும். குறை அதே திரைதான். அலுவலகத்துக்கு எக்செல் தெரிந்தால் போதும் என்பதால் அவற்றில் பல மங்கிய பேனலோடு வந்தவை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை, ஓரிரண்டு தவிர, விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாதவை. ஐ7 என்ற எழுத்தைப் பார்த்து ஆறாம் தலைமுறையை வாங்கிவிடாதீர்கள்; எட்டாம் தலைமுறை ஐ5 அதைவிட மேல். பழைய கம்பெனியின் பூட்டு உள்ளே இருக்கிறதா, பயாஸ் பாஸ்வேர்டு கேட்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். நீங்களே எடுத்த, நிறம் நன்றாக நினைவிருக்கும் படங்கள் நாலைந்தை ஒரு பென்டிரைவில் கொண்டுபோய் அந்தத் திரையில் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை.

எந்தத் திரையும் காலப்போக்கில் நிறம் பிசகும். அதை அளந்து திருத்தும் கலரிமீட்டர் என்ற சிறு கருவி ஒருவர் பணத்தில் வாங்க விலை கூடுதல்தான். ஆனால் ஒரே கருவியால் அறை முழுவதன் லேப்டாப்களையும் திருத்திக்கொள்ளலாம். மெஸ்ஸுக்குப் பங்கு போடுகிறவர்கள் இதற்கும் போடலாம். இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டை வேலை நேரத்தில் அணைத்துவிடுங்கள். விளக்கில்லாத அறையில் போர்வைக்குள் முழு வெளிச்சத்தில் திருத்திய படம் பிரிண்டில் இருட்டாகத்தான் வரும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 34ஆம் எண் சைபர் குற்றச் சட்டப்படி, ஒருவரின் தனிமையில் நுழையும் நோக்கத்தோடு அனுமதியின்றிப் படமெடுப்பதும் வெளியிடுவதும் குற்றம். இழிவுபடுத்தப் படத்தைத் திருத்தினால் தண்டனை இன்னும் கடுமை. அறையில் தூங்குகிறவரை விளையாட்டுக்கு எடுத்துத் திருத்தி குரூப்பில் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். வேலை அனுமதி இல்லாமல் காசுக்குப் படமெடுக்கப் போவதும் வேலைச் சட்டத்தில் மாட்டிவிடும்.

வாங்கும்போது 5 சதவீத வாட் போட்ட பில்லைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி அமீரகத்துக்கு மட்டுமா, இந்தியாவிலும் செல்லுமா என்று எழுத்தில் பாருங்கள். லீவுக்குப் போகும்போது லேப்டாப்பைக் கைப்பையில் வையுங்கள், லக்கேஜில் போடாதீர்கள். 18 வயது நிறைந்த பயணி ஒரு லேப்டாப்பை இந்தியாவுக்குள் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். வழக்கமான பேக்கேஜ் வரம்பில் அது சேராது.